மைக் இல்லாத கச்சேரிக்கு மைக்காரன் எதற்கு?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பேட்டை சபாவுக்குச் சொந்தமாக ஹால் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தின் பிரார்த்தனைக் கூடத்தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாடகைக்கு எடுத்துக் கச்சேரி நடத்துகிறார்கள். 50 அடி நீளம், 30 அடி அகலம், கான்கிரீட் கூரை, வரிசையாக மின்விசிறிகள், தெருவைப் பார்த்த ஜன்னல்கள். 120 நாற்காலி போட்டால் நடக்க வழியிருக்காது. சீசன் ஆவணியில் ஆரம்பித்துப் பங்குனியில் முடியும். நடுவில் மார்கழிக்கு மட்டும் லீவு. அந்த மாதம் வித்வான்கள் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ரசிகர்களும் அங்கேதான் இருப்பார்கள், பாதிப் பேர் கேன்டீனில்.

அந்த ஹாலுக்கு மைக் செட் போடுகிறவன் நான். காதுகுத்து, கட்சிக் கூட்டம், அம்மன் கோயில் கூழ் ஊற்றுதல் என்று அஹூஜா ஆம்ப்ளிஃபையரும் புனல் ஸ்பீக்கருமாக வளர்ந்த தொழில். சபா வேலையில் காசு குறைவு, புகார் அதிகம். கட்சிக் கூட்டத்தில் சத்தம் போதுமா என்று மட்டும்தான் கேட்பார்கள். சபாவில் மிருதங்கத்தின் தொப்பி ஏன் ‘பொத்’தென்று கேட்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் கொஞ்சம் தொழில் கற்றுக்கொண்டேன்.

சாதாரணக் கச்சேரி ஒன்றுக்கு எத்தனை மைக் வேண்டும் என்று பாருங்கள். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, கடம் இருந்தால் அதற்கும் ஒன்று. இதெல்லாம் 45 அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசைக்காக. ஆனால் கடைசி வரிசைக்காரர் எனக்கு ஆளனுப்பிக் ‘கேட்கவில்லை’ என்று சொன்னது அபூர்வம். சத்தத்தை ஏற்றச் சொல்கிறவர்கள் மேடையில் இருப்பவர்கள்தான்.

கச்சேரிக்கு அரை மணி முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். பாடகர் ஒரு சின்ன ஆலாபனை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஃபீட்பேக்ல வயலின் வரலையே” என்பார். அவர் சொல்வது எதிரே வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை. வயலினை ஏற்றுவேன். உடனே மிருதங்கக்காரர், “அண்ணா, எனக்கு இந்தப் பக்கம் நாதமே தெரியலை, ரெண்டு பாயின்ட் கூட்டுங்கோ” என்பார். கூட்டுவேன். இப்போது வயலின்காரருக்குத் தன் வில் சத்தம் கேட்காது. அவர் பேச மாட்டார், வில்லால் மைக்கைச் சுட்டிக் கட்டை விரலை மேலே காட்டுவார். அதையும் ஏற்றினால் பாடகருக்குத் தன் குரல் காணாமல் போய்விடும். அவர் குரலை ஏற்றுவேன். ஊளை கிளம்பும். திறந்து வைத்த மைக் இரட்டிப்பானால், ஊளை வருவதற்கு முன் எனக்கிருக்கும் இடம் 3 டெசிபல் சுருங்கிவிடும். மூன்று பேரும் ஒரே பாயில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கேட்க ஏன் ஸ்பீக்கர் வேண்டியிருக்கிறது? ஸ்பீக்கர் இருப்பதால்தான். தனி ஆவர்த்தனம் வரும்போது முன்வரிசை மாமிகள் கைக்குட்டையைக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு ஆனியில் செயலாளர் என் கடைக்கு வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர்.

“வர்ற சீசன்ல மூணு கச்சேரி மைக் இல்லாம வைக்கலாம்னு இருக்கேன். நீ என்னப்பா சொல்றே?”

“அப்ப நான் எதுக்கு சார்?”

“நீதான் வேணும். எங்க உக்காந்தா எங்க கேக்கும்னு கமிட்டில யாருக்குத் தெரியும்?”

கமிட்டியில் பொருளாளர் நியாயமான ஒரு கேள்வி கேட்டாராம்: மைக் இல்லாத கச்சேரிக்கு மைக்காரனுக்கு எதற்குப் பணம்? நான் செட் வாடகையை விட்டுக்கொடுத்தேன், கூலியை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பேரத்திலேயே பாதி நாள் போனது.

மைக் இல்லாமல் பாடுவது புதுசா என்ன? 1930களில்தான் இந்த ஊர்ச் சபாக்களில் மைக் பரவலாயிற்று. அதற்கு முன்னால் நாடக மேடையில் கிட்டப்பா கொட்டகையின் கடைக்கோடிக்குப் பாடினார். ஆண்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் சுருதி வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பின்வரிசைக்கு வயலின் எட்டவேண்டும் என்பதற்காகவே மைசூர் சௌடையா கூடுதல் தந்திகள் பூட்டி ஏழு தந்தி வயலின் செய்துகொண்டார். மைக் வந்து எல்லாம் சுலபமான பிறகு, மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒரு கட்டத்தில் பாலக்காடு மணி அய்யர் நின்றார். அதனால் கச்சேரி குறைந்தாலும் பரவாயில்லை என்று இருந்தார். இன்றும் மைக் இல்லாமல் சின்ன அரங்கில் கச்சேரி வைக்கிற குழுக்கள் சென்னையில் உண்டு. எங்கள் செயலாளர் அப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு வந்துதான் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

மைக்கைப் பாவம் போலப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மைக் இருந்ததால்தான் எம்.டி.ராமநாதன் அவ்வளவு கீழே சுருதி வைத்து, நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாட முடிந்தது. மியூசிக் அகாதெமி மாதிரிப் பெரிய அரங்கில் மைக்கை எடுத்துவிட்டுப் பாடச் சொல்வது பாடகருக்குச் செய்யும் கொடுமை. என் சண்டை 120 நாற்காலி ஹாலில் ஐந்து மைக் வைப்பதோடுதான்.

முதலில் மேடையை ஒழித்தோம். மூன்றடி உயர சிமென்ட் மேடை ஹாலின் குறுகிய பக்கத்தில் இருந்தது. வித்வான்களை அதில் ஏற்றாமல், நீளவாட்டுச் சுவரின் நடுவில், தரையில், அரையடி உயரப் பலகை போட்டு உட்காரவைத்தேன். தெரு ஜன்னல்களுக்கு நேர் எதிர்ச் சுவர் அது. நாற்காலிகளை மூன்று பக்கமும் பிறை மாதிரி வளைத்துப் போட்டோம். கடைசி நாற்காலி 45 அடியிலிருந்து 25 அடிக்கு வந்துவிட்டது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். ஹாலுக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும் என்பதால் அவ்வளவு நஷ்டமில்லை. ஆனால் அந்தச் சுவர்கள் கொடுப்பதையும் பாழாக்க ஒரு வழி உண்டு, திரைச்சீலை. பள்ளிக்கூடத்தார் பெருமையாகப் போட்டிருந்த மரூன் வெல்வெட் திரை பாடகரின் முதுகுக்குப் பின்னால் வரும்படி இருந்தது. அதைக் கழற்றி மடித்து வைத்தேன். வெறும் சுவர் பாட்டை முன்னால் தள்ளும்.

பிறகு மிருதங்கம். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால்தான் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவது வழக்கம். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பதால் அவர் வாசிக்கிற கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் இடம் மாறவேண்டியிருந்தது. பெரிய ஹாலுக்கு அந்த வழக்கம் சரி. எங்கள் ஹாலில் வலந்தலை நேராக முன்வரிசையை அறைந்தது. மிருதங்கத்தை ஒன்றரை அடி பின்னால் தள்ளி, வலந்தலை முன்வரிசைக்கு நேராக இல்லாமல் ஓரத்து இடைவெளியைப் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பி வைத்தோம். பாடகரை மட்டும் இன்னொரு பலகை போட்டு ஒரு பிடி உயர்த்தினோம். இந்த ஒன்றரை அடிக்காக நானும் மிருதங்க வித்வானும் முக்கால் மணி நேரம் பாயை இழுத்திருக்கிறோம். பெரிய கை அவர், கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். பாயின் ஒரு முனையை அவரே பிடித்து இழுத்து, “இங்க உக்காந்தா எனக்கு அவர் சங்கதி ஒண்ணொண்ணும் கேக்கறது” என்றார்.

தம்புரா ஒரு தனித் தொல்லை. எலெக்ட்ரானிக் பெட்டிக்குத் தனியாக ஸ்பீக்கர் இருக்கிறது. மைக் கச்சேரியில் அது யார் காதிலும் விழாது, மைக் இல்லாத ஹாலில் ஊரையே கூட்டும். அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன், துணி போர்த்திப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரு பாட்டு வாத்தியாரம்மா தன் தஞ்சாவூர்த் தம்புராவையும் ஒரு மாணவியையும் அனுப்பினார். அந்தப் பெண் குதிரை மேல் தந்திக்கு அடியில் ஜீவா நூலை நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நூல் ஒரு மயிரிழை இங்கே என்றால் மொட்டைச் சத்தம். ஒரு மயிரிழை அங்கே என்றால் ஒரே தந்தியிலிருந்து பத்து ஸ்வரம் கிளம்புகிற மாதிரி ரீங்காரம். என் மிக்ஸரில் அதற்கு ஒரு பொத்தானும் இல்லை.

மின்விசிறிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். ஒன்றில் ‘கடக் கடக்’, ஒன்றில் காற்றுச் சீறல், இன்னொன்றில் ரெகுலேட்டரைக் குறைத்தால் உறுமல். மைக் இருக்கும்வரை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூட எலெக்ட்ரீஷியனை வைத்து பேரிங்குகளுக்கு எண்ணெய் விட்டோம். தேறாத இரண்டை நிறுத்திவிட்டோம். புழுங்கினால் வீசிக்கொள்ளட்டும் என்று பனையோலை விசிறி வாங்கிப்போட்டது கமிட்டி. நாற்பது ஓலை விசிறி சேர்ந்தாற்போல் சரசரத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. இடைவேளையில் அத்தனையையும் வசூல் செய்து கட்டி வைத்தேன். ஆடியில் மைக் இல்லாத கச்சேரி வைக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம். நாலு தெருவுக்கு எல்.ஆர்.ஈஸ்வரி பாடிக்கொண்டிருப்பார், அந்த ஸ்பீக்கரைக் கட்டியவனும் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன்.

முதல் மைக் இல்லாத கச்சேரி புரட்டாசியில். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், அவ்வளவுதான். வர்ணம் ஆரம்பித்த உடனே பின்னாலிருந்து இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்தே வந்து, “மைக் ஆன் பண்ணலையா தம்பி?” என்றார். நோட்டீஸிலேயே போட்டிருக்கிறது என்று காதோடு சொல்லி உட்காரவைத்தேன். பாடகர் முதல் பத்து நிமிடம் கொஞ்சம் கத்தினார். மைக்கில் பழகிய தொண்டைக்குக் குரலை அனுப்புவதற்கும் கத்துவதற்கும் வித்தியாசம் உடனே பிடிபடாது. நான் கையால் மெதுவாக என்று ஜாடை காட்டினேன். அவர் தணிந்தார். அதற்குள் சபையின் காதும் இறங்கி வந்திருந்தது. தெருவில் இருந்து வந்தவர்களின் காது தெருச் சத்தத்துக்கு வைத்த அளவிலேயே இருக்கும். அது தணிய ஒரு வர்ணமும் ஒரு கிருதியும் ஆகிறது என்பது என் கணக்கு. அதனால் பிறகு வந்த கச்சேரிகளில் வர்ணத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே பாடச் சொல்லி, மெல்லிய உருப்படியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

மாலையில் சுருதி சேர்க்கும்போது காலி ஹாலில் கேட்பதை நம்பக் கூடாது. கை தட்டினால் ஹால் கணகணக்கும், ‘ஆஹா, என்ன எதிரொலி’ என்று பாடகர் சந்தோஷப்படுவார். நூறு உடம்பும் நூறு பட்டும் பருத்தியும் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கணகணப்பு பாதியாகிவிடும். வறண்டுபோன அந்த ஹாலை மனதில் வைத்துத்தான் பலகை போடவேண்டும்.

இனி வீணை. அது தை மாதம், விசிறி தேவைப்படாத சீதோஷ்ணம். வீணைக்கு நான் இத்தனை காலம் குடத்தில் கான்டாக்ட் மைக் ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். அதில் மீட்டின ‘டக்’கும் விரல் தந்தியில் உரசுகிற சத்தமும் பெரிதாக வரும். குடம் காற்றுக்குள் விடுகிற சத்தம் வராது. வீணைக்காரர்கள் அதற்கே பழகி, மைக்குக்குத் தகுந்தபடி மீட்டும் பழக்கம் வந்துவிட்டது. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசித்ததைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு அறை, பாயில் சில பேர், ஊரில் உள்ள பெரிய வித்வான்களெல்லாம் அந்தச் சில பேரில் அடக்கம். அவர் 1938-இல் காலமானார். ஒரு சபா அந்த அறையாக முடியாது, ஆனால் ஒரு சாயங்காலம் முயற்சி செய்யலாம் என்பது செயலாளரின் ஆசை.

நாற்காலிகளைப் பாதியாகக் குறைத்து, மீதி இடத்தில் ஜமக்காளம் விரித்தோம். 60 பேருக்கு மேல் விடவில்லை. இதனால் இரண்டு ஆயுள் சந்தாதாரர்கள் இன்னும் கமிட்டியோடு பேசுவதில்லை. கடம் இல்லை, முகர்சிங் இல்லை. முகர்சிங் மைக் இல்லாமல் எதிரே இருப்பவருக்கே கேட்காது. மிருதங்கம் மட்டும், அதுவும் விரல் நுனியில். மிருதங்கத்தை ஓங்கி வாசிப்பது உடம்பு வேலை. நாதம் கெடாமல் தணிவாக இரண்டு மணி நேரம் வாசிப்பதற்குத்தான் சாதகம் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தோடி ஆலாபனையில் ஒரு இடம். ஒரே மீட்டு. தந்தியை இடது கை விரல் மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுக்க, அந்த ஒரு மீட்டிலிருந்து நாலு ஸ்வரம் வரிசையாக வருகிறது. முதலாவது எல்லோருக்கும் கேட்கும். இரண்டாவது பாதிச் சத்தம். மூன்றாவது கால். நாலாவது இருக்கிறதா, நம் மனசு சேர்த்துக்கொள்கிறதா என்று சந்தேகம் வரும் அளவு. மின்விசிறி ஓடினால் மூன்றாவதோடு சரி. ஸ்பீக்கர் வைத்தால் நாலும் கேட்கும், ஆனால் ஒரே கனத்தில், தேய்மானம் இல்லாமல். அன்றைக்கு நாலாவது ஸ்வரத்துக்காக அந்த 60 பேரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். சரியாக அந்த நேரம் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் ஹாரன் அடித்தது, அது வேறு சுருதி.

கூலி வாங்குகிறேனே என்பதற்காகச் சும்மா நிற்கவில்லை. இரண்டு கண்டென்சர் மைக் வைத்துப் பதிவு செய்தேன். ஸ்பீக்கருக்குப் போகாது, பதிவுக்கு மட்டும். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கண்ட ஓ.ஆர்.டி.எஃப் முறை அது, இரண்டு மைக்குக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், 110 பாகை விரிவு. நம் இரண்டு காதுக்கும் உள்ள இடைவெளிக்குக் கிட்டத்தட்டச் சரி. அந்தப் பதிவில் எதையும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. மிருதங்கம் அதிகமாக இருந்தால் அதிகமாகவே இருக்கும். அடுத்த கச்சேரிக்குப் பாயை எங்கே நகர்த்துவது என்று அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வேன்.

எதிர்பாராத லாபம் ஒன்று. மைக் இல்லை என்றதும் சிறப்பு விருந்தினரின் உரை சுருங்கிவிட்டது. “மைக் இல்லையா?” என்று கையை நீட்டியபடி கேட்டவர், தொண்டையைச் செருமி இரண்டு வாக்கியம் பேசிப் பொன்னாடை போர்த்திவிட்டு உட்கார்ந்தார். நன்றியுரை ஒரு நிமிடம். உபயதாரர் பெயர்களை வாசலில் பலகையில் எழுதி வைத்துவிட்டோம். சபாக்காரர்களுக்கு இந்த ஒரு காரணம் போதும் என்பேன்.

நஷ்டமும் உண்டு. ஆரம்ப நாள் தொட்டு சபாவில் உறுப்பினராக இருக்கிற பெரியவர் ஒருவர் காதுக் கருவி வைத்திருக்கிறார். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பழகியவர். முன்வரிசையில் இடம் ஒதுக்கினோம். அப்போதும், “எனக்குத் தாளம்தான் தெரிகிறது, சாகித்தியம் தெரியவில்லை” என்றார். அவர் சொன்னதற்கு என்னிடம் பதிலில்லை. மாசிக் கச்சேரியை அதனால்தான் ஒரே ஒரு மைக்கோடு வைத்துப் பார்த்தோம். மூன்று பேருக்கும் பொதுவாக எதிரே ஒன்று, மானிட்டர் கிடையாது. பெரியவருக்குக் கேட்டது. மற்றவர்களுக்கு அது மைக் கச்சேரியா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த ஏற்பாட்டைத்தான் நான் இப்போது சின்னச் சபாக்களுக்குச் சிபாரிசு செய்கிறேன், செட் வாடகையும் கிடைக்கிறது.

வருகிற சீசனுக்குப் பட்டியல் போட்டபோது செயலாளர் நாகஸ்வரம் வேண்டும் என்றார். டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்த பிறகு சுருதி இறங்கிச் சுகமாயிற்று என்பது வாஸ்தவம். ஆனால் பாரியானாலும் கூடவே தவில் இருக்கிறதே. கல்யாண மண்டபங்களில் அந்தத் தவிலுக்கு முன்னால் மைக் வைக்கச் சொல்லும் மகராசர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கான்கிரீட் கூரைக்கு அடியில் அது நடக்காது, விளையாட்டு மைதானத்தில் வைப்போம் என்றேன். வித்வான்கள் வேப்பமரத்தடியில், முதல் வரிசை 40 அடி தள்ளி, பின்னால் பள்ளிக்கூடக் கட்டிடத்தின் சுவர். பொருளாளர் நோட்டைத் திறந்தார். மைக் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், ஹால் வாடகையும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, என் பெயருக்கு நேரே பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். மைதானத்துக்கு நாற்காலி யார் போடுவது, மழை வந்தால் ஜமக்காளத்தை யார் சுருட்டுவது என்று கேட்டேன். தொகையை எழுதிக்கொண்டார், போன வருஷத்தைவிட இருநூறு ரூபாய் குறைவாக.